சிறுபாலத்துக்கு எதிரே ஒரு காம்பவுண்டுச் சுவர்: தென்சென்னையில் நான்கு ஏக்கர் நில ஆய்வு

2024 பிப்ரவரியில் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. பள்ளிக்கரணைக்குத் தெற்கே நான்கு ஏக்கர், ஒரே குடும்பத்தின் பெயரில் பட்டா. வாங்க நினைத்தவர் அப்பா காலத்திலிருந்து அடுக்குமாடி கட்டி விற்பவர். வக்கீல் கொடுத்த சட்டக் கருத்து சுத்தமாக இருந்தது: வில்லங்கம் இல்லை, மூலப்பத்திரம் சரி, பட்டா சரி, நில வகைப்பாடு புஞ்சை. என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

“எத்தனை வீடு வரும் சார்? அதை மட்டும் சொல்லுங்க. அடுத்த வாரம் அட்வான்ஸ் போடணும்.”

மூன்று வாரம் அவகாசம் கேட்டு வாங்கினேன். நிலம் எது, ஆட்கள் யார் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதுபோன்ற நிலங்கள் அந்தப் பக்கம் இன்னும் பல இருக்கின்றன. அவற்றில் பணம் போடப் போகிறவர்களில் பலர் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு ஒரே ஒரு வீடு வாங்குகிறவர்கள்.

முதல் நாள்

நிலத்துக்கு முன்னால் தார்ச்சாலை. சாலைக்கு எதிர்ப்புறம் பழைய ஏரியின் கரை. சாலையின் குறுக்கே, நிலத்தின் நடுப்பகுதிக்கு நேராக, ஒரு சிறுபாலம். எட்டிப் பார்த்தேன். இரண்டு கண், ஒவ்வொன்றிலும் ஆள் குனிந்து போகலாம். ஏரிப் பக்கம் வாய் திறந்திருந்தது. நிலத்தின் பக்கம் வந்தால், பாலத்தின் வாய்க்கு நாலடி தள்ளி ஹாலோ பிளாக் காம்பவுண்டுச் சுவர். சுவரின் அடியில் ஒரே ஒரு ஆறு அங்குல பிவிசி குழாய் விட்டிருந்தார்கள்.

கூட வந்த புரோக்கர், “அது சும்மா மழைத் தண்ணிக்குப் போட்டது சார்” என்றார்.

நெடுஞ்சாலைக்காரர்கள் சும்மா பாலம் கட்டுவதில்லை. இரண்டு கண் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த அளவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது என்று பொருள். அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போனது என்பதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த கேள்வி. பிறகு எடுத்த ஒவ்வொரு ஆவணமும், போட்ட ஒவ்வொரு துளையும் அதற்கான பதிலாகவே வந்து சேர்ந்தன.

உள்ளே காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். நிலத்தின் நடுவில் அவர் தங்கும் கொட்டகை. “வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சு ஐயா?” என்று கேட்டேன். அவர் எழுந்து போய்க் கொட்டகைச் சுவரைத் தொட்டுக் காட்டினார்.

“பதினஞ்சுல இதுவரைக்கும் வந்துது சார். இப்ப டிசம்பர் புயல்ல அதுக்கு ஒரு சாண் மேல. பதினஞ்சுல மூணு நாள்ல வடிஞ்சுது. இந்தத் தடவ ஒரு வாரம் நின்னுது. பாம்பு உள்ள வந்துடுச்சுன்னு கட்டில் மேல குந்தினு இருந்தேன்.”

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் அந்தச் சுவரில் இரண்டு கறைக் கோடுகளாக நின்றன. டேப் வைத்து அளந்தேன். மேல்கோடு தரையிலிருந்து மூன்றரை அடி. எட்டு ஆண்டில் ஒரு சாண் கூடியதற்கு மழை மட்டும் காரணமில்லை. சுற்றிலும் இருந்த காலி மனைகளில் பாதிக்கு மேல் அதற்குள் மண்ணடித்து உயர்த்தப்பட்டிருந்தன.

ஏட்டில் இருந்த வாய்க்கால்

கிராமத்தின் ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்க் கணக்கு ‘அ’ பதிவேடு. இன்றைய ‘அ’ பதிவேட்டில் நான்கு ஏக்கரும் பட்டா புஞ்சை. அதோடு நிறுத்தியிருந்தால் வக்கீல் எழுதியதையே நானும் எழுதியிருப்பேன். ஆனால் இப்போது நம் கையில் இருக்கும் கிராமக் கணக்குகள் 1980களில் நடந்த யுடிஆர் என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தியவை. அந்த வேலையில் விடுதலும் பிழையும் நிறைய நடந்தன என்பது வருவாய்த் துறையில் யாரைக் கேட்டாலும் தெரியும். அதனால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பித்தோம். எஸ்எல்ஆர் என்று சொல்வார்களே, அது. கைக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று. நான் கேட்ட மூன்று வாரம் போதாமல் போனது இதனால்தான்.

அதற்குள் கையில் இருந்தவற்றைப் பார்த்தோம். கூகுள் எர்த்தில் ஆண்டுகளைப் பின்னோக்கி நகர்த்தினால், ஒவ்வொரு மழைக்காலப் படத்திலும் நிலத்தின் பின்பாதியில் கருநிறப் பட்டை ஒன்று குறுக்காக ஓடியது. பழைய புல வரைபடத்தில் அதே இடத்தில் இணையான இரண்டு புள்ளிக்கோடுகள், பெயர் எதுவும் இல்லாமல். புதிய வரைபடத்தில் அந்தக் கோடுகளே இல்லை.

இந்தப் பகுதியின் நீரோட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. தென்சென்னையின் பல பத்து ஏரிகளின் உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. வெளியேறும் வழி குறுகல். கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாய் வாங்கிக்கொள்ளாது. வந்த தண்ணீர் வந்த இடத்திலேயே நிற்கும். அப்படி நின்று பொறுமையாக வடியத்தான் சதுப்பு இருக்கிறது. பழைய கணக்குகளில் இதைக் கழுவெளி என்று எழுதியிருப்பார்கள். மண்ணின் குணத்தை எந்த ஆய்வகமும் இல்லாமல் ஒரே சொல்லில் எழுதி வைத்த பெயர் அது.

அனுமதிப் பக்கம்

திட்டமிடல் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை வழக்கமானவை. நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) முன்பகுதி குடியிருப்பு மண்டலம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி 18.30 மீட்டருக்குள் உயரத்தை நிறுத்தினால் உயர்மாடிக் கட்டடத்துக்கான சிக்கல்கள் இல்லை. நான்கு ஏக்கர் என்பது ஏறத்தாழ 16,190 சதுர மீட்டர். 10,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாக நிலமாகவே கொடுத்தாக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. “அந்த நாற்பது சென்டைப் பின்னாடி பள்ளத்துல தள்ளிடலாமே” என்று கட்டுநர் கேட்டார். முடியாது, பொதுச்சாலையிலிருந்து அணுகும்படி இருக்க வேண்டும். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்அனுமதியும் தேவை.

இவை எல்லாம் நேரமும் பணமும் கேட்பவை, நிலத்தைக் கொல்பவை அல்ல. உண்மையான ஆபத்து இரண்டு இடத்தில் இருந்தது.

ஒன்று, சதுப்பின் எல்லை. பள்ளிக்கரணை 2022 ஏப்ரலில், உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலம் என்னும் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 1,247.54 ஹெக்டேர். வனத்துறையின் காப்புக்காடு இதைவிட நிறையச் சிறியது. புரோக்கர்கள் காட்டுவது காப்புக்காட்டின் வேலியை. “வேலிக்கு வெளிய இருக்கு சார், பிரச்சினையே இல்ல” என்பார்கள். வேலிக்கு வெளியே இருப்பது ராம்சார் எல்லைக்கு வெளியே இருப்பதாக ஆகிவிடாது. நம் நிலம் ராம்சார் கோட்டுக்கு வெளியேதான் இருந்தது, முக்கால் கிலோமீட்டர் தூரத்தில். ஆனால் 2017ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகளில் ‘தாக்க மண்டலம்’ என்று ஒரு கருத்து இருக்கிறது. நீர்ப்பிடிப்பின் எந்தப் பகுதியில் செய்யும் வேலை சதுப்பைக் கெடுக்குமோ, அந்தப் பகுதி. பள்ளிக்கரணைக்கு அந்த மண்டலம் வரையப்படாமல் இருந்தது. வரையாத கோடு நம் நிலத்துக்கு முன்னால் விழுமா பின்னால் விழுமா என்பது யாருக்கும் தெரியாத நிலையில் நாற்பது கோடி, ஐம்பது கோடி என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, வெள்ளப் பாதிப்புக்கான நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று. இத்தகைய தாழ்வான மனைகளுக்கு அந்தச் சான்று வழக்கமாக ஒரு நிபந்தனையோடு வரும்: தரையை இன்ன மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். பக்கத்து மனைகளுக்குப் போட்ட மட்டத்தை வைத்துக் கணக்கிட்டால், நமக்குச் சராசரியாக இரண்டு மீட்டர் மண் நிரப்ப வேண்டியிருக்கும். 32,000 கன மீட்டருக்கு மேல். மூன்று யூனிட் டிப்பரில் அடித்தால் 3,800 லோடு.

கட்டுநர் அந்த மண்ணின் விலையைக் குறித்துக்கொண்டார். அந்த மண்ணின் எடையை அதுவரை யாரும் யோசிக்கவில்லை.

ஆறு துளைகள்

மார்ச் முதல் வாரம் முக்காலி நட்டுத் துளை போடத் தொடங்கினோம். முன்பக்கம் நான்கு, பின்பக்கம் இரண்டு. முன்பக்கத் துளைகள் நன்றாகவே பேசின. ஒன்றரை மீட்டருக்குக் கீழே களிகலந்த மணல், பிறகு இறுகிய களி, பன்னிரண்டு மீட்டர் வாக்கில் சிதைந்த சார்னோகைட் பாறை. ஐந்து மாடிக் கட்டடத்துக்கு ராஃப்ட் அடித்தளம், அதாவது கட்டடத்தின் அடி முழுவதும் ஒரே கான்கிரீட் பலகை, போதும் என்று அங்கேயே தோன்றியது.

நான்காம் நாள் பின்பக்கம் ஐந்தாவது துளை. இரண்டு மீட்டர் ஆழத்தில், மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் எஸ்பிடி சோதனை. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு அடிப்பார்கள். குழாய் 45 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். கடைசி 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி என்பதே ‘என்’ மதிப்பு. பையன் வின்ச்சைப் பிடித்துத் தயாராக நின்றான். சுத்தியலை மெதுவாகக் கம்பியின் தலையில் வைத்தார்கள், அவ்வளவுதான். கம்பி தானாக இறங்கத் தொடங்கியது. சாக்பீஸில் போட்ட மூன்று கோடும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் போய் மறைந்தன.

“சார், அடிக்கவே வேணாம். தானா போவுது” என்றார் மேஸ்திரி.

குழாயைப் பிளந்தார்கள். கரும்சாம்பல் களி, வெண்ணெய் போல. நடுவில் அரிசி அளவில் வெள்ளைச் சிப்பித் துணுக்குகள். அழுகிய முட்டை நாற்றம். கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினேன், முதல் கணுவரை போயிற்று. ஒன்றரை மீட்டரில் தொடங்கிய அந்தக் களி ஆறு மீட்டர்வரை தொடர்ந்தது. மொத்தம் நாலரை மீட்டர். கொட்டகைக்கு அருகே போட்ட ஆறாவது துளையிலும் அதே களிதான், கொஞ்சம் மெலிந்து. நிலத்தடி நீர் கோடைத் தொடக்கத்திலேயே 80 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றது. சோதனையில் குளோரைடு அதிகம்.

அன்றிரவு துளைகளின் இடத்தைப் பழைய புல வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது துளை இரண்டு புள்ளிக்கோடுகளுக்கு நடுவே விழுந்திருந்தது. ஆறாவது, கோட்டின் விளிம்பில். ஆய்வகத்துக்குப் போகும் முன்பே களியின் எல்லையை யாரோ ஒரு சர்வேயர் எத்தனையோ ஆண்டுக்கு முன் சங்கிலி பிடித்து வரைந்து வைத்திருந்தார்.

மாத இறுதியில் எஸ்எல்ஆர் நகல் வந்தது. பின்பக்கத்து உட்பிரிவு ஒன்றுக்கு எதிரே எழுதியிருந்தது: வாய்க்கால் புறம்போக்கு. பரப்பு 38 சென்ட். யுடிஆரில் அது பக்கத்துப் புல எண்ணோடு சேர்ந்து பட்டாவாகியிருக்கிறது. எப்படி என்று அந்தக் குடும்பத்துக்கும் தெரியவில்லை. இப்போது உள்ளவர்கள் அதை ஏமாற்றிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீர்நிலைப் புறம்போக்கு என்று ஒருமுறை ஏட்டில் ஏறிய நிலத்தில் வீடு கட்டி விற்றால், வழக்கு எந்த ஆண்டிலும் வரலாம். வரும்போது கட்டுநர் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த மனைக்குப் போயிருப்பார். வீடு வாங்கியவர் மாதத் தவணை கட்டிக்கொண்டு அங்கே குடியிருப்பார்.

கணக்கு

இரண்டு மீட்டர் நிரப்பு மண் ஒரு சதுர மீட்டருக்கு மூன்றரை டன்னுக்கு மேல் எடை போடும். அந்தக் களியின் நடுப்பகுதி அதுநாள்வரை தாங்கிக்கொண்டிருந்த அழுத்தம் சதுர மீட்டருக்கு மூன்று டன் அளவே. அதாவது கட்டடம் வருவதற்கு முன்னால், வெறும் மண்ணைக் கொட்டியே அதன் சுமையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்குகிறோம். ஆய்வக முடிவை வைத்துக் கணக்கிட்டால் தரை 36 சென்டிமீட்டர் இறங்கும். அதில் தொண்ணூறு சதவீதம் இறங்கி முடிய நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். வீட்டுச் சாவி கொடுத்த பிறகும் தரை இறங்கிக்கொண்டிருக்கும் என்று அர்த்தம்.

“பைல் போட்டா நிக்காதா சார்?” என்று கட்டுநர் கேட்டார். நேர்மையான கேள்வி. நேராகவே பதில் சொன்னேன்: “கட்டடம் நிக்கும். அதைச் சுத்தி இருக்கிற மண்ணு நிக்காது.”

பைல் என்பது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண். அது பாறையில் நிற்கும், சுற்றியுள்ள தரை இறங்கும். ஓஎம்ஆர் என்னும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் சில குடியிருப்புகளில் இதைப் பார்க்கலாம். லிஃப்ட் லாபிக்கு ஏறும் படியில் புதிதாக ஒரு படி சேர்த்திருப்பார்கள். கழிவுநீர்க் குழாய் சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில் முறிந்திருக்கும். பார்க்கிங்கில் ஓடு அலை அலையாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. இறங்கும் களி பைலின் உடம்பைப் பிடித்துக்கொண்டு கீழே இழுக்கும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பைலுக்கு இந்த இழுப்பு மட்டும் இருபது டன்னுக்கு மேல் வந்தது. கட்டடத்தைத் தாங்கப் போட்ட பைல் மண்ணையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். வடிவமைப்பவர் இந்தச் சுமையைச் சேர்க்காமல் விட்டால் கணக்குத்தாள் அழகாகவே தெரியும்.

இந்த இடத்தில் மவுலிவாக்கம் என் நினைவுக்கு வராமல் இருக்காது. 2014 ஜூன் 28 மாலை, மழையில், கட்டி முடியும் நிலையிலிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த அதன் இணைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இறந்தவர்களில் மிகப் பலர் வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். நம் நிலத்தின் கதை அதுவல்ல. ஆனாலும் கணக்குத்தாளில் ஒரு வரியை விட்டுவிடலாமா என்ற பேச்சு எழும்போது என்னால் அந்த எண்ணை மறக்க முடிவதில்லை.

மூன்றாவது கணக்கை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகப் போட்டுக் கொடுத்தேன். வெள்ளத்தின்போது அந்த நான்கு ஏக்கரில் சராசரியாக ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கிறது. அதாவது 1 கோடியே 60 லட்சம் லிட்டர். நாம் மண் நிரப்பினால் அந்தத் தண்ணீர் மறைந்துவிடாது. நிலத்துக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது, அறுபது எழுபது ஓட்டு வீடும் தளம் போட்ட வீடும். காவல்காரப் பெரியவரின் மகள் அங்கேதான் குடியிருக்கிறார். மிக்ஜாமில் அந்தத் தெருவில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். நிபந்தனைப்படியே, சட்டப்படியே நாம் மனையை உயர்த்துவோம். அடுத்த புயலில் அந்தத் தெரு இன்னும் ஒரு சாண் மூழ்கும்.

முடிவு

அறிக்கையில் எழுதியது இது. முன்பக்கம் இரண்டு ஏக்கர் அறுபது சென்டை மட்டும் எடுக்கலாம். 18.30 மீட்டருக்குள், தரைத்தளத்தை வண்டி நிறுத்தமாக விட்டு, ராஃப்ட் அடித்தளத்தில் கட்டலாம். பின்பக்கம் ஒரு ஏக்கர் நாற்பது சென்டில் ஒரு கூடை மண்கூடக் கொட்டக்கூடாது. வாய்க்கால் உட்பிரிவைப் பத்திரத்திலிருந்து விலக்கி, சிறுபாலத்துக்கு எதிரே சுவரைத் திறந்து, நிலத்தின் ஓரமாகவாவது தண்ணீருக்கு வழிவிட வேண்டும். தாக்க மண்டலம் வரையப்படும்வரை அட்வான்ஸ் வேண்டாம். கொடுத்தே தீர வேண்டுமென்றால், அனுமதி வராவிட்டால் பணம் திரும்ப வரும்படி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிலத்துக்காரர்கள் பிரித்து விற்கச் சம்மதிக்கவில்லை. நான்கு ஏக்கரும் ஒன்றாக, ஒரே விலைக்கு. ஜூனில் கட்டுநர் விலகிக்கொண்டார். அவருக்குப் போனது மண் பரிசோதனைச் செலவும் என் கட்டணமும். அன்றைக்கு என்மேல் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, தாக்க மண்டல ஆய்வு முடியும்வரை பள்ளிக்கரணை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. ஏற்கெனவே பணம் போட்டிருந்த பல கட்டுநர்களும், முன்பதிவு செய்திருந்த குடும்பங்களும் திகைத்துப் போனார்கள். செய்தி வந்த அன்று மாலை, நம் நிலத்திலிருந்து விலகிய கட்டுநர் போன் செய்தார். ஒரு புது நிலம் பார்த்திருப்பதாகவும், அங்கே எஸ்எல்ஆருக்கு மனு போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

என் பக்கம் ஒரு தவறு உண்டு. பின்பக்கத்தில் கை ஆகரை, அதாவது கையால் திருகித் துளை போடும் கருவியை, வைத்து முதல் நாளே இரண்டு மீட்டர் தோண்டிப் பார்த்திருக்கலாம், அரைநாள் வேலை. ஆறு துளைக்கான செலவைச் செய்த பிறகு தெரிந்துகொண்டதில் பாதியை அன்றைக்கே தெரிந்துகொண்டிருப்பேன். இப்போதெல்லாம் காரில் ஆகர் இருக்கிறது.

அந்தப் பட்டா இன்னும் திருத்தப்படவில்லை. உட்பிரிவு இன்றைக்கும் ‘அ’ பதிவேட்டில் புஞ்சை. அடுத்து வாங்க வருகிறவர் கைக்கும் அதே சுத்தமான சட்டக் கருத்துதான் போகும். சிறுபாலம் அங்கேயே இருக்கிறது, சுவருக்கு நாலடி முன்னால்.